வதந்தியை அடக்கினால் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்வார்களா?

கொள்ளிடக்கரை | 2024 மே 9, இரவு 9.40

கோவிட் தடுப்பூசியான கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வரலாம் என்று அஸ்ட்ராஜெனெகா நிறுவனமே லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்த நாளிலிருந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஃபார்வர்டுகள் எல்லாம் தூசி தட்டி மறுபடி சுற்றுகின்றன. "அப்பவே சொன்னோம்ல" என்ற வரி இல்லாத குழுவே இல்லை. என் கட்சி இதுதான்: 2021-ல் தமிழ்நாட்டில் ஆரம்பத்தில் ஊசிக்கு ஆள் வராததற்கு ஒரே காரணம் வதந்தி. பரப்பியவர்களை முதல் வாரத்திலேயே பிடித்திருந்தால் பிரச்சினையே இல்லை. அடுத்த தொற்றுக்கு இந்த ஒரு வேலையைச் செய்தால் போதும். மறுப்பவர்கள் வரலாம்.

புதன்கிழமை | மே 9, இரவு 10.55

மறுக்கிறேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 16-ல் ஊசி தொடங்கியது. பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரை ஒட்டித்தான் புதுத் தொற்று. அப்போது ஊசி சுகாதார, முன்களப் பணியாளர்களுக்கு மட்டும்தான், அந்த மையங்களிலேயே ஈ ஓட்டினார்கள். மே 21-ல் ஒரே நாளில் 36,184 பேர். அப்போது விடியற்காலையிலேயே வரிசை, டோக்கனுக்குத் தள்ளுமுள்ளு, உள்ளே போனால் மருந்து இல்லை. அதே ஊர்தான், போனில் இருந்ததும் அதே வதந்திதான். இன்னும் சொல்லப்போனால் மே மாதத்தில்தான் அது அதிகம்: பிரான்ஸின் நோபல் விஞ்ஞானி பெயரைப் போட்டு, "ஊசி போட்டவர்கள் இரண்டு வருஷத்தில் சாவார்கள்" என்று அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சுற்றிய செய்தி அந்த மாதத்துச் சரக்கு. வதந்தி மட்டுமே காரணம் என்றால் மே மாத வரிசையை எதில் சேர்ப்பீர்கள்?

புதன்கிழமை | மே 9, இரவு 11.20

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதை மூன்றாகப் பிரிக்கும்: நம்பிக்கை, அலட்சியம், வசதி. மருந்தின் மேலும் அதைத் தருபவர் மேலும் நம்பிக்கை இருக்கிறதா. நோய் நம்மை அண்டாது என்ற நினைப்பா. போய் வர நேரம், தூரம், கூலி இடம் தருகிறதா. பிப்ரவரியில் மேலோங்கி நின்றது அலட்சியம். மே மாதம் அது ஓடிப்போனதும் வசதி முன்னால் வந்து மறித்தது. நம்பிக்கை மட்டும் இரண்டு மாதத்திலும் அரைகுறை.

ஒரே வீட்டில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் இருக்கும். பாட்டிக்கு பயம், மகனுக்கு வேலை, பேரனுக்கு "எனக்கெல்லாம் வராது". மூவருக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுத்தால் ஒருவருக்குக்கூட அது பதிலாக இருக்காது.

கொள்ளிடக்கரை | மே 10, காலை 7.15

சரி, மே மாதக் கணக்கு சரிதான். ஆனால் நடிகர் விவேக் இறந்த வாரம்? முகாம்கள் வெறிச்சோடியது வதந்தியால்தானே?

புதன்கிழமை | மே 10, மதியம் 1.30

அந்த வாரத்தைக் கொஞ்சம் நின்றுதான் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமரா முன்னால் கோவேக்சின் போட்டுக்கொண்டு, "எல்லாரும் போட்டுக்குங்க" என்று சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி விடிகாலையில் இறந்தார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு, அது ஒரே நாளில் உண்டாகக் கூடியது அல்ல, ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலரும் 16-ம் தேதியே சொல்லிவிட்டார்கள். மருத்துவமாகச் சரியான பதில். ஆனால் முறைப்படி ஆராய்ந்த தேசியக் குழு, தொடர்பில்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில். நடுவில் ஆறு மாதம்.

அந்த ஆறு மாதமும் மக்கள் கேட்டது வதந்தி அல்ல, ஒரு கேள்வி: "நேத்து ஊசி, இன்னைக்குச் சாவு, எப்படித் தொடர்பில்லைங்கிறீங்க?" இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கு மேல் இறப்பு பதிவாகிறது, நாளுக்கு 1,600-க்குக் குறையாமல். பெரும்பாலும் நடு வயது தாண்டியவர்கள். அதே வயதுக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் ஊசி போடும்போது, ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வருகிறவர்கள் சிலர் இருந்தே தீருவார்கள். ஊசி போடாமல் இருந்தாலும் அந்த நாளில் அது வந்திருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது ஒரு சாவை அல்ல. ஊசி போட்டவர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக மாரடைப்பு வருகிறதா என்பதை. இதை யாரும் மக்களிடம் பொறுமையாகச் சொல்லவில்லை. "வதந்தியை நம்பாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். கேட்டவருக்கு, தன்னைப் பொய்யன் என்று சொல்வதுபோல இருந்தது.

உப்பங்காற்று | மே 10, மாலை 6.05

கடலோரத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு ஆட்கள் முழுக்கக் கரையில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். ஊசி போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. 2021-ல் அந்த 61 நாளில் முதல் பாதியை விவேக் சாவு தின்றது, இரண்டாம் பாதியைத் தட்டுப்பாடு தின்றது. ஜூன் 15-ல் படகு இறங்கும்போது மருந்து வரத் தொடங்கியது. தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகிறவனிடம் "இரண்டு நாள் காய்ச்சல் வரும்" என்றால் கை நீட்டுவானா? சின்ன ஃபைபர் போட்டில் இன்னும் கஷ்டம், மூன்று நாலு பேர்தான். ஒருத்தன் படுத்தால் போட்டே போகாது. அவன் ஒருத்தன் கூலி மட்டும் போவதில்லை, நாலு வீட்டு உலை.

நேரமும் அப்படித்தான். விடியலுக்கு முன்னால் போய், வெயில் ஏறும்போது கரைக்கு வந்து, ஏலம் முடித்து, வலை பிரித்து, படுக்கும் நேரத்தில் முகாம் நடக்கிறது. "மீனவர்கள் தயங்குகிறார்கள்" என்று அறிக்கை எழுதினார்கள். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை | மே 10, இரவு 9.10

அருமையான விஷயம், தடைக்காலத்தை நான் யோசிக்கவே இல்லை.

சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் அந்த ஜூனில் அறக்கட்டளைகள் சேர்ந்து ஊசி போட்டவர்களுக்கு பிரியாணி, ரீசார்ஜ் கூப்பன், குலுக்கலில் தங்க நாணயம், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் என்று அறிவித்ததும் கூட்டம் வந்தது நினைவிருக்கும். பிரியாணிக்காக வந்தார்கள் என்று நகரத்தில் எழுதினார்கள். எனக்கு அது பட்டது வேறு மாதிரி. பரிசு என்று அறிவித்ததும் ஊசி ரகசியமாக நடக்கிற காரியமாக இல்லாமல் ஊர்க் காரியமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் மீன் கூடையோடு நடப்பதைப் பார்த்தால், அதுதான் ஆதாரம்.

புதன்கிழமை | மே 11, காலை 6.40

இனி யாரும் பேசாத ஒன்று. குப்பி.

கோவிஷீல்டு குப்பி 5 மி.லி., ஒருவருக்கு 0.5 மி.லி., ஆக பத்துப் பேருக்கு. ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கியதும் நாலு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். கோவேக்சின் ஆரம்பத்தில் இருபது பேர் குப்பியாக வந்தது. அது இன்னும் கஷ்டம்.

இப்போது ஒரு துணை சுகாதார நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணி. நாலு பேர் பெஞ்சில். குப்பியைத் திறந்தால் ஆறு டோஸ் வீண், வீணானது மேலே கணக்காகப் போகும். 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கில் வீணடிப்பில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம், 12.10 விழுக்காடு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் எல்லா நாளிதழிலும் வந்தது. அதற்குப் பிறகு எந்த செவிலியர் நாலு பேருக்காகக் குப்பி திறப்பார்? "இன்னும் ஆறு பேர் வரட்டும்மா, உட்காருங்க." அரை மணி. ஒரு மணி. அடுப்பில் வைத்த சாதம் நினைவு வந்து ஓர் அம்மா எழுந்து போகிறார். பாதி மனசோடு வந்தவர், அடுத்த முறை வரமாட்டார். பதிவேட்டில் அவர் "மறுத்தவர்".

அந்த அம்மா மறுக்கவே இல்லை.

ஐஸ்பேக் | மே 11, காலை 10.25

குளிர்ச் சங்கிலிப் பக்கம் இருந்து, அதாவது மருந்தைக் குளிரிலேயே வைத்துக் கொண்டுசேர்க்கும் வேலையிலிருந்து, ஒரு சேர்க்கை. அந்த 12 விழுக்காடு அப்படியே நிற்கவில்லை. குப்பியில் நிறுவனம் கொஞ்சம் கூடுதலாகத்தான் நிரப்பும். ஒரே முறை மட்டும் பயன்படும் 0.5 மி.லி. ஆட்டோ டிஸேபிள் சிரிஞ்சில் தங்கும் மருந்து மிகக் குறைவு. காற்றுக்குமிழியைத் தட்டி மேலேற்றி, மருந்து சிந்தாமல் எடுக்கத் தெரிந்த கை பதினோராவது டோஸையும் எடுக்கும். பழகிய பிறகு தமிழ்நாட்டில் வீணடிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனது. ஒன்று மட்டும் கூடாது: இரண்டு குப்பியில் மிஞ்சியதைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்குவது.

உறைந்த ஐஸ் பேக்கை நேராக, மருந்து கொண்டுபோகும் கேரியரில் அடுக்குவதும் தப்பு. வெளியில் வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை, உறையக்கூடாது.

புதன்கிழமை | மே 11, மதியம் 2.00

நன்றி. அப்படியென்றால் என் காலைக் குறிப்பைத் திருத்துகிறேன்: குப்பித் தடை ஏப்ரல், மே மாதங்களில் பெரிது, பிறகு குறைந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. ஆளே கொஞ்சமாக இருக்கும் குக்கிராமத்தில் பத்துப் பேர் குப்பியே தயக்கத்தை உற்பத்தி செய்யும். அங்கே வீணாவதை ஏற்றுக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

இன்னொன்று, இரண்டு டோஸுக்கு நடுவே உள்ள இடைவெளி. கோவிஷீல்டு முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச் மாதம் அதை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். தட்டுப்பாட்டை மறைக்கத்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஐஸ்பேக் | மே 11, மதியம் 2.35

மார்ச் 22-ல் 6 முதல் 8 வாரம். மே 13-ல்தான் 12 முதல் 16.

புதன்கிழமை | மே 11, மதியம் 2.50

ஆமாம், தப்பாக எழுதிவிட்டேன். இரண்டு தடவை மாறியது என்பது என் வாதத்துக்கு இன்னும் பலம்தான். இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் நன்றாக வருகிறது என்பதற்கு வெளிநாட்டு ஆய்வுகள் இருந்தன, முடிவு தப்பில்லை. ஆனால் அறிவிப்பு வந்தது சரக்கு இல்லாத வாரத்தில். ஜூனில் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் 28 நாளில் இரண்டாவது ஊசி என்று விலக்கு வந்தது. மேசைக்கு மேசை ஒரே கேள்வி: "துபாய் போறவருக்கு 28 நாள் போதும், எனக்கு 84 நாளா? அவர் உடம்பு வேறயா?" நியாயமான கேள்வி. பதில் ஒரு வரிதான்: "28 நாளிலும் வேலை செய்யும், 84 நாளில் இன்னும் நல்லா வேலை செய்யும், அவருக்கு விமானம் காத்திருக்காது, அதனால் அந்த விலக்கு." இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும்.

கொள்ளிடக்கரை | மே 12, காலை 8.00

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி விவகாரம்?

புதன்கிழமை | மே 12, காலை 11.45

அது நிஜம். 2021 செப்டம்பர் 12-ல் முதல் மெகா முகாம், 40,000 இடம், இலக்கு 20 லட்சம், போட்டது 28 லட்சத்துக்கு மேல். அது ஞாயிறு. அடுத்த ஞாயிறுகளில் அந்த வேகம் நிற்கவில்லை. ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்று ஒரு நம்பிக்கை ஊன்றியிருந்தது. வாரம் முழுக்க உழைத்தவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் கறி. அக்டோபர் 23-ல் ஆறாவது முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார். மக்களைத் திட்டாமல் நாளை மாற்றியது எனக்குப் பிடித்த முடிவு.

சனிக்கிழமையில் இன்னொரு லாபம் உண்டு. கோவிஷீல்டு காய்ச்சல் பெரும்பாலும் ஊசி போட்ட அன்று ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்க அடிக்கும், இரண்டாம் நாள் இறங்கும். சனி மாலை போட்டால் காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமையோடு போகும், திங்கள் வேலைக்குப் போகலாம். ஆனால் சனி மாலைதான் சித்தாள், கொத்தனாருக்கு வாரக்கூலி பட்டுவாடா. கூலி வாங்கும் இடத்துக்கே மேசையைக் கொண்டுபோக வேண்டும். அல்லது இரவு எட்டு வரை திறந்திருக்க வேண்டும்.

கறி பற்றி: மருத்துவமாகத் தடையே இல்லை. சாப்பிடலாம்.

உப்பங்காற்று | மே 12, இரவு 8.30

கட்டாயம் பற்றி என்ன சொல்கிறீர்கள்? நீலகிரியில் சான்றிதழ் காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்று உத்தரவு போட்டார்களே.

புதன்கிழமை | மே 13, காலை 7.00

கட்டாயம் பயன்படாது, பகையைத்தான் வளர்க்கும்.

புதன்கிழமை | மே 13, இரவு 10.15

காலையில் ஒரு வரியில் தள்ளிவிட்டேன், அது சரியில்லை. நாள் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

நீலகிரி உத்தரவு 2021 செப்டம்பர். நவம்பரில் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் அனுமதிக்கக்கூடாது என்று மாநிலம் முழுவதற்கும் உத்தரவு. டிசம்பரில் மதுரை மாவட்டத்தில் இன்னும் இறுக்கினார்கள். இதில் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் நிச்சயம் வந்தார்கள். அலட்சியக்காரருக்கு ஒரு தள்ளு போதும், அது கிடைத்தது. பயந்தவருக்கு மட்டும் அது நேர்மாறாக வேலை செய்தது: "நல்லதுன்னா எதுக்குக் கட்டாயப்படுத்துறாங்க?" என்ற கேள்வி கட்டாயத்திலிருந்தே பிறந்தது. ஆக, ஒரே உத்தரவு ஒருவரை உள்ளே தள்ளும், இன்னொருவரை வெளியே தள்ளும். 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

கட்டாயத்தைக் கடைசியாக வையுங்கள், அதற்கு முன்னால் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் நிலை.

புதன்கிழமை | மே 14, காலை 6.20

இதெல்லாம் 2021-ல் முளைத்தது அல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களுக்கே போய் ஊசி போடுவது நின்று, தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் 80.9 விழுக்காடு, 2015-16-ல் 69.7. தூரமும் அதற்கு ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி வந்தபோது பெற்றோர் வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை, முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. 2021-ல் நடந்ததற்கு அது ஒத்திகை மாதிரி. பாடம் படித்திருக்கலாம்.

கொள்ளிடக்கரை | மே 14, இரவு 9.00

என் முதல் பதிவிலிருந்து பாதி இறங்கி வருகிறேன். ஆனால் இப்போதைய செய்திக்கு என்ன பதில்? நிறுவனமே ஒப்புக்கொண்டது என்கிறார்களே. அம்மா தினமும் கேட்கிறாள்.

புதன்கிழமை | மே 15, காலை 5.50

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் அந்தப் பாதிப்பு வந்தால், ஊசி போட்ட சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வந்துவிடும். பெரும்பாலும் முதல் டோஸில். மூன்று வருஷம் கழித்து அந்த ஊசியால் அது வராது. அவர் கடந்துவிட்டார்.

அடுத்து, இது புதுச் செய்தி அல்ல. 2021 மே 17-ல் மத்திய சுகாதாரத் துறையே வெளியிட்டது: கோவிஷீல்டில் பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் இப்படிப்பட்ட சந்தேக நேர்வுகள், மொத்தம் 26. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத தலைவலி, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்ன அறிவிப்பும் அதே நாள். காகிதத்தில் எல்லாம் இருந்தது. முகாம் மேசையில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது? அரை மணி உட்காரவைத்து, பாராசிட்டமால் கொடுத்து, "காய்ச்சல் வந்தா போடுங்க" என்று அனுப்பினார்கள். பயந்துவிடுவார்கள் என்று நினைத்து மறைத்தது இன்று துரோகமாகத் திரும்பி வருகிறது. அன்றே "பத்து லட்சத்தில் ஒன்று, இந்த அறிகுறி வந்தா ஓடி வாங்க" என்று சொல்லியிருந்தால், இன்று உங்கள் அம்மா "ஆமா, அன்னைக்கே சொன்னாங்க" என்றிருப்பார்.

நான் இந்த இழையில் எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

ஐஸ்பேக் | மே 15, மதியம் 12.40

பூஸ்டர் ஏன் ஓடவில்லை என்பதையும் சேருங்கள். 2022 ஏப்ரல் 10 முதல் 18 முதல் 59 வயதுக்காரர்களுக்குத் தனியாரில் காசுக்கு: மருந்து ரூ. 225, அதற்கு மேல் சேவைக் கட்டணம் ரூ. 150 வரை. ஜூலை 15 முதல் 75 நாள் இலவசம். அதற்குள் ஓமிக்ரான் வந்துபோய்விட்டது, பயமும் போய்விட்டது.

உப்பங்காற்று | மே 16, மாலை 5.15

அடுத்த முறைக்கு முகாம் வாசலில் ஒரு பலகை வைத்தால் என்ன எழுதுவது? உருப்படியாக ஒன்றைத் தயார் செய்து வைப்போம்.

புதன்கிழமை | மே 16, இரவு 11.00

பெரிய எழுத்தில், சுண்ணாம்புக் கட்டியால், பேச்சுத் தமிழில்:

இன்னைக்கு என்ன மருந்து, எத்தனை பேருக்கு இருக்கு. குப்பி எத்தனை மணிக்குத் திறப்போம் (பத்துப் பேர் சேராட்டியும் 12 மணிக்குத் திறப்போம்). ராத்திரி காய்ச்சல் வரலாம், ஒரு பாராசிட்டமால் 500, ஆறு மணி நேரம் கழிச்சும் இருந்தா இன்னொன்னு. ஊசிக்கு முன்னாடியே மாத்திரை போட வேண்டாம். கறி சாப்பிடலாம். மாதவிடாய்ல இருந்தாலும் போடலாம். பால் குடுக்கிற அம்மாவும் போடலாம். எந்த அறிகுறிக்கு, யாருக்கு, எந்த நம்பர்ல போன் பண்ணணும். இரண்டாவது ஊசி எந்தத் தேதி, ஏன் அந்தத் தேதி.

மாதவிடாய் வரியை எடுத்துவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் அந்த வதந்தியால் வராமல் நின்ற பெண்கள் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. பலகையில் இருந்தால் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.

புதன்கிழமை | மே 17, காலை 6.10

ஒன்று விட்டுப்போயிற்று. கோவின் தளத்தில் ஊசிக்குப் பதிவு செய்ய ஓடிபி வரும் போன் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பான். பாட்டி மேசை முன்னால் நிற்பார், எண் வராது, "பையன் வந்ததும் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். 2021 மே மாதம் 18 வயதுக்கு மேல் என்று திறந்தபோது அந்தத் தளம் தமிழில்கூட இல்லை, ஜூனில்தான் வந்தது. பலகையின் முதல் வரியாக இதைப் போடுங்கள்: போன் இல்லாதவங்களும் வரலாம், ஆதார் கார்டு போதும், நாங்க எழுதிக்கிறோம்.